அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்த மாதம்

முப்பத்தொரு வயது வரை மலர்க்கொடி தன்னைவிட மூத்தவர் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அங்கே குழாயடியில் நிற்கிற பெண்கள் எல்லாரும் அத்தை, சின்னம்மா. ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில் நிற்கிற ஆண்கள் எல்லாரும் மாமா, சித்தப்பா. அவர்களுக்கும் பெயர் உண்டு என்பதே அவளுக்குக் கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்துத்தான் தெரியும்.

தாதியர் படிப்பை முடித்து மலாக்கா டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலைக்குப் போனபோது அந்தப் பழக்கமும் கூடவே போனது. எலும்பு முறிவு வார்டில் அவளுக்கு வேலை. மலாய்க்காரப் பெரியவர் என்றால் பாக்சிக், அவர் மனைவி மாக்சிக். சீனர் என்றால் அங்கிள், ஆன்ட்டி. தமிழர் என்றால் ஐயா, அம்மா. அவர்களுக்கும் அவள் மலர்க்கொடி அல்ல, வெறும் மிஸ்ஸி. மலேசிய ஆஸ்பத்திரிகளில் தாதியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடம் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

இடுப்பில் அறுவை செய்துகொண்டு, நடக்க மாட்டேன் என்று கட்டிலோடு ஒட்டிக்கொள்ளும் கிழவர்களை எழுப்பி நடக்க வைப்பதில் அவள் கெட்டிக்காரி. மற்ற தாதிகள் கெஞ்சிப் பார்த்துவிட்டு அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"அங்கிள், இப்ப எழுந்திரிக்கலன்னா நான் வீட்டுக்கு போன் பண்ணி ஆன்ட்டிய வரச் சொல்லிருவேன்" என்பாள். அங்கிள் எழுந்துவிடுவார். பெற்ற மகள் அதட்டுவது போல அதட்டுவாள், அவர்களும் மகளிடம் சிணுங்குவது போலச் சிணுங்கிவிட்டு நடப்பார்கள்.

அவளோடு அதே வார்டில் வேலை பார்த்த ஷாந்தினி என்ற தோழி இரண்டு வருடம் முன்னால் இங்கிலாந்துக்குப் போயிருந்தாள். போன வருடம் ஏப்ரலில் அவளிடமிருந்து செய்தி வந்தது. அவள் இருக்கும் மருத்துவமனையில் எலும்பு வார்டுக்கு வெளிநாட்டுத் தாதிகளை எடுக்கிறார்கள். ஆறாத புண்களைப் பார்க்கிற தனிப் பயிற்சியும் சம்பளத்தோடு தருகிறார்கள். மலர்க்கொடிக்கு அந்தக் கடைசி வரிதான் மனத்தில் ஒட்டிக்கொண்டது. சர்க்கரை நோயில் கால் புண் ஆறாமல் விரலை எடுத்தவர்களை அவள் நிறையப் பார்த்துவிட்டாள். அந்தப் புண்ணை ஆற்றுகிற வித்தையை முறையாகப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை.

அவளுடைய அக்கா மங்களம் புலாவ் செபாங்கில், ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் தையல் கடை வைத்திருக்கிறாள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பை நிறுத்தியவள். தங்கை விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து, ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் கழுத்தில் நாடாவோடு நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். முதலில் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு, தாதி வேலை தெரியுமா என்று பார்க்க. பிறகு நேர்முகம். பிறகு ஆங்கிலத் தேர்வு. அதில் தேறினால் அந்த மருத்துவமனையே "இந்தப் பெண் எங்களுக்கு வேண்டும்" என்று அரசாங்கத்துக்குச் சான்று கொடுக்கும். அந்தச் சான்றை வைத்துத்தான் விசா. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு கையால் செய்து காட்ட இன்னொரு தேர்வு.

"இவ்ளோ பரீட்சையா" என்று ஒரு அம்மா கேட்டார். "எங்க ஊட்டுக்காரர் லாரி லைசென்ஸ் எடுத்ததுக்கே மூணு தடவ போனாரு."

கம்ப்யூட்டர் தேர்வில் தேறிய பிறகு, நேர்முகம் மங்களத்தின் கடையிலேயே வீடியோவில் நடந்தது. வீட்டைவிட அங்கே இணைய வேகம் நன்றாக இருக்கும். சேலை கட்டிய பொம்மையை நகர்த்திவிட்டு, வெள்ளைச் சுவர் பின்னால் தெரிகிற மாதிரி மலர்க்கொடியை உட்கார வைத்தார்கள். மங்களத்தின் கணவர் காளிதாஸ், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே காவலுக்கு நின்றார். அரை மணி நேரத்தில் மலர்க்கொடி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். வேலை தருகிறோம், ஆங்கிலத் தேர்வு முடிந்ததும் சொல் என்றார்களாம். பயணச் சீட்டையும் அவர்களே எடுப்பார்களாம்.

காளிதாஸுக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. "வெளிநாட்டு வேலைன்னா மொதல்ல காசு கேப்பான். இவங்க கேக்கவே இல்ல. அதான் எனக்குப் பயமா இருக்குது."

"நம்பளக் கூட்டிட்டுப் போக அவங்கதான் மாமா செலவு பண்ணணும். அதான் அங்க ரூல்."

"அப்படி ஒரு ரூல் நம்ப லாரி கம்பெனில இல்லியே" என்று சொல்லிக்கொண்டே அவர் ஷட்டரைத் தூக்கினார்.

ஆங்கிலத் தேர்வு மருத்துவர்களுக்கும் தாதிகளுக்கும் என்றே வைக்கிற தேர்வு. கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் நன்றாகப் போயின. நான்காவது பேச்சு. கையில் ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். நீ தாதி, எதிரே இருப்பவர் நோயாளி, அவருக்கு இன்ன பிரச்சினை, ஐந்து நிமிடம் பேசு என்று அதில் இருக்கும். பேசுவதைப் பதிவு செய்து வேறெங்கோ அனுப்பி மதிப்பெண் போடுவார்கள். ஒன்பது வருடம் தினமும் செய்கிற வேலை. இதற்கெல்லாம் படிக்க வேண்டுமா என்றுதான் மலர்க்கொடி நினைத்தாள்.

முடிவு வந்தபோது மூன்றில் தேறியிருந்தாள். பேச்சில் இல்லை.

மருத்துவமனையிலிருந்து பதில் அன்பாகத்தான் வந்தது. செப்டம்பர் கடைசி வரை அந்த இடத்தை அவளுக்காக வைத்திருப்பார்கள். அதற்குள் பேச்சுத் தேர்வில் தேறினால் சரி. இல்லையென்றால் அந்த இடம் வேறு ஒருவருக்கு. தேதிகளைப் பார்த்தால், அந்தக் கெடுவுக்குள் முடிவு வருகிற மாதிரி இன்னும் ஒரே ஒரு தடவைதான் உட்கார முடியும்.

இரண்டு நாள் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலை விட்டு நேராக அக்கா கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன தப்புன்னே தெரியலக்கா. நல்லாத்தான் பேசுனேன்."

"சரி, நான்தான் அந்த நோயாளி. வா, மறுபடியும் பேசு" என்று மங்களம் தையல் எந்திரத்தை நிறுத்தினாள். "எனக்குத் தமிழ்லயே பேசு. இங்கிலீஷ்ல பேசுனா நான் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருவேன்."

மலர்க்கொடி முதுகை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தாள். "குட் மார்னிங். நான் மலர்க்கொடி, இன்னிக்கு உங்களப் பாத்துக்கற நர்ஸ். உங்க பேரு?"

"மங்களம்."

"சரி... அக்கா, உங்களுக்கு..."

"அக்காவா? உனக்கு நான் யாருன்னே தெரியாது. நான் சும்மா ரோட்டுல விழுந்து கால ஒடச்சிக்கிட்ட ஆளு. பேரு மங்களம்."

"மங்..." என்று சொல்லி மலர்க்கொடி நிறுத்தினாள். வாய் மூடிக்கொண்டது. மறுபடி முயன்றாள். "மங்..." என்பதோடு சிரிப்பு வந்துவிட்டது. மங்களத்துக்கும் சிரிப்பு வந்தது. ரவிக்கைத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

சிரிப்பு அடங்கும்போது மலர்க்கொடிக்குத் தேர்வு அறை நினைவுக்கு வந்தது. எதிரே நோயாளியாக உட்கார்ந்திருந்தவர் அம்மா வயதுள்ள ஒரு தமிழ்ப் பெண்மணி, கண்ணாடி போட்டவர். தன் பெயரை அவர் சொன்னார். இவள் ஆன்ட்டி என்றாள். அவர் மறுபடியும் பெயரைச் சொன்னார். இவள் மறுபடியும் ஆன்ட்டி என்றாள். அதோடு விட்டாளா? மருந்து சாப்பிடப் பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னதும், "டோன்ட் வொர்ரி லா ஆன்ட்டி, கட்டாயம் சாப்பிடணும்" என்று அதட்டினாள். என்ன பயம் என்று கேட்கவே இல்லை. வார்டில் கேட்க மாட்டாள். மகள் கேட்க மாட்டாள் அல்லவா, மகள் சொல்லுவாள்.

"அவங்களுக்கு மகள் தேவையில்லக்கா" என்றாள் மெதுவாக. "நர்ஸுதான் தேவ. நான் உள்ள போனவொடனே மகளாயிட்டேன்."

அன்றைக்கே மங்களம் திட்டம் போட்டுவிட்டாள். பரீட்சை வரைக்கும், சாயங்காலம் விளக்கு வைத்ததிலிருந்து சாப்பாட்டுக்கு உட்காரும் வரை, அப்பா வீட்டில் எல்லாரையும் மலர்க்கொடி பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அப்பா மருதமுத்து தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டி ஓய்ந்தவர். இப்போது புலாவ் செபாங்கில் சின்ன வீட்டில் நாலு ஆடு வைத்திருக்கிறார். திட்டத்தைக் கேட்டதும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆரம்பிம்மா."

மலர்க்கொடி தரையைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள். "குட் ஈவினிங், மிஸ்டர் மருதமுத்து."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. அம்மா பெத்தம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். "பெத்த அப்பன பேரு சொல்லிக் கூப்புடறியே, அந்த ஊரு வேலை இப்படித்தான் இருக்குமா?"

"நீ உள்ள போ. என்னைய மிஸ்டர்னு கூப்புட இத்தன வருஷத்துல இப்பத்தான் ஒரு ஆளு கெடச்சிருக்கு" என்றார் மருதமுத்து. சிறிது நேரம் கழித்து மகளிடம் கேட்டார், "ஏம்மா, இந்த மிஸ்டருக்கு டீ உண்டா? இல்ல அதுக்கு மறுபடியும் அப்பாவா ஆவணுமா?"

ஒரு வாரத்தில் அது வீட்டு விளையாட்டாகிவிட்டது. காளிதாஸ் லாரியை நிறுத்திவிட்டு வரும்போதே கால் ஒடிந்தவர் போல நொண்டிக்கொண்டு வருவார். மிஸ்டர் காளிதாஸுக்குத் தினமும் ஒரு புது வியாதி. பெத்தம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் சமையல் முடிந்ததும் ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். நோயாளியின் மனைவி வேடம்.

"மிசஸ் பெத்தம்மாள், உங்க கணவர் பேரு என்ன?" என்று மலர்க்கொடி கேட்டாள்.

பெத்தம்மாள் நாற்காலியில் இருந்தவரைக் கை காட்டினார்.

"பேரு சொல்லணும், மிசஸ் பெத்தம்மாள்."

கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவர் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. அரசாங்கக் கிளினிக்கில் கேட்டால் அடையாளக் கார்டை நீட்டுவார். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் தோளில் இடித்துச் சொல்ல வைப்பார். இப்போது பிள்ளைகள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்தார்கள். பெத்தம்மாள் முந்தானையை எடுத்து வாயில் வைத்தார், எடுத்தார்.

"மிஸ்டர்... மருதமுத்து" என்றார். முன்னால் மிஸ்டர் போட்டுக்கொண்டதில் ஏதோ தைரியம் வந்திருக்க வேண்டும்.

மருதமுத்துவின் முகம் போன போக்கு சொல்லி முடியாது. "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

"நான் என்ன ரேடியோவா" என்று பெத்தம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். சிரிப்பு மட்டும் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

பெயர் இப்போது மலர்க்கொடியின் வாயில் சுலபமாக வந்தது. வராமல் இருந்தது கேள்விக்குப் பிறகு காத்திருப்பதுதான். கேட்டுவிட்டு அவளே பதிலையும் சொல்லிவிடுவாள். ஒரு சாயங்காலம் நாக்கைக் கடித்துக்கொண்டு அதையும் பழகினாள். "மிஸ்டர் மருதமுத்து, உங்களுக்கு என்ன கவலையா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

மருதமுத்து வழக்கம் போல ஏதாவது வேடிக்கை சொல்லுவார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் சொல்லவில்லை. இடது முழங்காலைத் தடவிக்கொண்டு, "இது ரெண்டு வருஷமா வலிக்குதும்மா. ராவுல திரும்பிப் படுக்க முடியல" என்றார்.

மங்களம் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். நடிப்பா நிஜமா என்று காளிதாஸுக்குப் புரியவில்லை. மலர்க்கொடிக்குப் புரிந்தது. ஒன்பது வருடம் எலும்பு வார்டில் வேலை பார்க்கிற மகளிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. அப்பா நல்லா இருக்கீங்களா என்று அடிக்கடி கேட்பாள், நல்லா இருக்கேன் என்பார். அப்பாக்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். மிஸ்டர் மருதமுத்துதான் வலியைச் சொன்னார்.

அவள் அழவும் இல்லை, அதட்டவும் இல்லை. எப்போது வலி அதிகம், படி ஏறும்போதா இறங்கும்போதா, காலையில் எழும்போது எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தாள். அந்த வாரமே எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். தேய்மானம்தான், பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரையும் உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். அவர் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகிற நடையிலேயே வித்தியாசம் தெரிந்தது.

ஆகஸ்டு கடைசியில் காளிதாஸ் அவளைக் காரில் கோலாலம்பூருக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் அவரே நோயாளி. சிரம்பான் வரும்போது அவருக்கு இரண்டு காலும் ஒடிந்து, சர்க்கரையும் ஏறி, காதும் கேட்காமல் போயிருந்தது.

"மிஸ்டர் காளிதாஸ், ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் மலர்க்கொடி.

தேர்வு அறையில் இந்தத் தடவை நோயாளியாக இருந்தவர் நரைத்த முடியுள்ள ஒரு சீனப் பெண்மணி. முதல் அட்டை, மூச்சுத் திணறல் உள்ளவர். எப்படிக் கூப்பிடட்டும் என்று மலர்க்கொடி கேட்டாள். லிலியன் என்றார். லிலியன் என்று கூப்பிட்டாள், தடங்கலே இல்லை. இரண்டாவது அட்டை அவளுக்காகவே எழுதியது போல இருந்தது: இடுப்பு அறுவைக்குப் பின் எழுந்து நடக்க மறுக்கிற மூதாட்டி.

"உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அந்தப் பெண்மணி ஒரு கணம் யோசித்தார். பிறகு சொன்னார், "எங்கள் தெருவில் எல்லாரும் ஆன்ட்டி என்பார்கள். நீங்களும் ஆன்ட்டி என்றே கூப்பிடுங்கள்."

மலர்க்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மாதம் பெற்றவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியது இதற்கா? இது கண்ணியா? பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேட்டது நான், சொன்னது அவர், அவர் சொன்னபடிதான் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தாள்.

"சரி, ஆன்ட்டி. எழுந்து நடக்கிறதில் உங்களுக்கு என்ன கவலை?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். எதிரே இருந்தவரும் பேசவில்லை. அறையில் ஏர்கண்டிஷன் சத்தம் மட்டும் கேட்டது. வீட்டுக்கு போன் போடுவேன், மகனைக் கூப்பிடுவேன், எழுந்திரிங்க என்று பழைய பேச்செல்லாம் நாக்கு நுனியில் வரிசையில் நின்றது. மலர்க்கொடி வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்மணி, விழுந்துவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், வீட்டில் எல்லாருக்கும் பாரமாகி விடுவேன் என்றார். அதற்கு மேல் நேரம் போனதே தெரியவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு வாரத்துக்கு மேலாக அந்த ஒரு வார்த்தையைத்தான் அக்காவும் தங்கையும் புரட்டிப் புரட்டிப் பேசினார்கள்.

"அவங்களே ஆன்ட்டின்னு கூப்புடச் சொன்னாங்கல்ல" என்பாள் மங்களம்.

"மார்க் போடறவரு வேற ஊர்ல இருக்காருக்கா. ரெண்டாந்தடவையும் இந்தப் பொண்ணு ஆன்ட்டி ஆன்ட்டிங்குதேன்னு நெனச்சுட்டா?"

"கேட்டுட்டுத்தான கூப்புட்ட. அதுவும் பதிவாயிருக்கும்லா."

செப்டம்பர் பதினாறு, மலேசிய தினம், விடுமுறை. காளிதாஸுக்கு லாரி இல்லை, மலர்க்கொடிக்கும் ஓய்வு நாள். வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மங்களம் எல்லாரையும் உம்பாய்க்குக் கிளப்பினாள். கடல் ஓரத்துக் கடையில் வாழையிலையில் வைத்துச் சுட்ட திருக்கை மீன் வந்த நேரத்தில் போன் அதிர்ந்தது. மலர்க்கொடியின் கை முழுக்க மிளகாய்ச் சம்பால். போனை அக்கா பக்கம் தள்ளினாள்.

மங்களம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். "ஸ்பீக்கிங்... பி." நிமிர்ந்தாள். "பி போதும்தான?"

மலர்க்கொடி தலையை ஆட்டினாள். பெத்தம்மாள் பக்கத்து மேசைக்காரர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி "பாஸாயிட்டா" என்றார். அந்த மலாய்க் குடும்பமும் என்னவென்றே தெரியாமல் கை தட்டியது.

இங்கே விளக்கு வைக்கும் நேரம் என்றால் இங்கிலாந்தில் மதியம். கையைக் கழுவிவிட்டு வந்து அங்கேயே மலர்க்கொடி மருத்துவமனைக்கு எழுதினாள். மீன் ஆறுவதற்குள் பதில் வந்தது. மிகவும் சந்தோஷம், சான்றுக்கு இன்றைக்கே ஏற்பாடு செய்கிறோம், விசா கிடைத்துவிட்டால் அக்டோபர் நடுவில் வந்து சேர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

"அக்டோபர் நடுவுலயா?" என்றார் பெத்தம்மாள். "இருவதாம் தேதி தீபாவளி. முடிச்சுட்டு வரேன்னு சொல்லு."

"அம்மா, வேல குடுக்கறதே பெருசு. இதப்போயி அவங்ககிட்ட..."

"கேட்டா என்ன, அடிச்சிருவாங்களா?"

மலர்க்கொடி அப்பாவைப் பார்த்தாள். அவர் முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தார். அக்காவைப் பார்த்தாள். பிறகு இரண்டே வரியில் எழுதினாள்: அக்டோபர் இருபதாம் தேதி எங்கள் குடும்பத்துக்கு முக்கியமான பண்டிகை, நவம்பர் முதல் வாரத்தில் வந்தால் உங்களுக்குச் சரியாக இருக்குமா? அனுப்பிவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கடல் பக்கமிருந்து காற்று அடித்து இலையைத் தூக்கியது. காளிதாஸ் அதன் மேல் தண்ணீர்க் கிளாசை வைத்தார்.

போன் அதிர்ந்தது. நவம்பர் மூன்று திங்கட்கிழமை, உங்கள் குடும்பத்தோடு பண்டிகையை நன்றாகக் கொண்டாடிவிட்டு வாருங்கள், விமான நிலையத்தில் ஆள் நிற்பார் என்று எழுதியிருந்தது. மலர்க்கொடி அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்கு முன்பே மருதமுத்து கையைத் தூக்கிக் கடைக்காரரைக் கூப்பிட்டு, இன்னொரு திருக்கை, இதைவிடப் பெரியதாக, சுடச் சொல்லிவிட்டார்.